மொக்கராசுவிடம் கேட்டவர் யார்?

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக நீரில் மூழ்கிய சிற்றூர்களின் துயரை, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் நாவலாக்கினார். 2003-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நூல் அது. வாசகரின் கண்ணீர் முழுவதும் முதியவர் பேயத்தேவருக்கே. அவர் நிழலில் வளரும் பேரன் மொக்கராசுவோ உழைக்கக் கற்கிறான். அவன் உள்ளம் பட்ட பாட்டை நூல் ஆழ்ந்து வினவவில்லை. இதுவே அதன் குறை.

‘நான் யார்?’ என்னும் தேடலே வளரிளம் பருவத்தின் தலையாய பணி என்றார் உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன். மண்ணையும் தாத்தாவையும் இழந்தவன் விடையை எங்கே தேடுவான்?

ஆலயத்தில் பன்னிரண்டு வயது இயேசுவைக் கண்ட அன்னை மரியா காரணம் கேட்டார். மறுமொழி விளங்காதபோதும் அதை உள்ளத்தில் இருத்தினார். நம் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணன்றி வேறெதைக் கேட்கிறோம்?