கிரிப்டோ நாணயத்திற்குத் தடை தகுமா?

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சரவாக் மாநிலத்து மீரி நகரக் காவல் துறையினர் 1,069 கணிப்பொறிகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மீது சாலை உருளையை ஓட்டினர். ஏறத்தாழ 53 இலட்சம் ரிங்கிட் பெறுமானமுள்ள அப்பொறிகள் சில நிமிடங்களில் தகட்டுக் குப்பையாயின. அவை பிட்காயின் 'தோண்டும்' பொறிகள். படத்தைப் பத்திரிகையில் கண்டவர்கள், மலேசியா அந்த நாணயத்தையே தடை செய்துவிட்டது போலும் என்று எண்ணியிருக்கக்கூடும். உண்மை அதுவன்று. கிரிப்டோ நாணயத்தை ஒருவகைப் பத்திரமாகக் கருதி, 2019 ஜனவரி முதல் அதன் வாணிகத்தைச் சட்டத்தின் கண்காணிப்பில் வைத்திருக்கும் நாடு மலேசியா. பொறி வைத்துத் தோண்டுவதும் அங்கே குற்றமன்று. மீட்டரை ஏமாற்றி 84 இலட்சம் ரிங்கிட் அளவுக்கு மின்சாரத்தை உறிஞ்சியதே மீரியில் நடந்த குற்றம்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். கிரிப்டோ நாணயத்தை அரசாங்கங்கள் அடியோடு தடுக்க வேண்டும் என்போரின் வாதம் இங்கேதான் தடுமாறுகிறது. அவர்கள் கூறும் காரணங்கள் இரண்டு: மின்சாரத்தை விழுங்குகிறது, குற்றவாளிக்குத் துணை போகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற் குற்றச்சாட்டுக்கு வலு உண்டு. சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபர் 31ஆம் நாள் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையே பிட்காயினின் பிறப்புச் சாசனம். அதன் ஆறாம் பகுதியில், பொன் தோண்டுவோர் உழைப்பைச் செலவிடுவது போல இங்கே கணிப்பொறியின் நேரமும் மின்சாரமும் செலவாகின்றன என்னும் கருத்து போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. பின்னாளில் ஒரு நாட்டின் நுகர்வுக்கு ஈடாக வளரவிருந்த ஒரு செலவுக்கு ஆசிரியர் ஒதுக்கிய இடம் அவ்வளவே. இதைக் கட்டுரையின் பெருங்குறை என்றே கொள்ளலாம்.

அச்செலவு ஏன் ஓய்வதில்லை என்பதைக் குலுக்கல் பரிசுச் சீட்டை வைத்து விளக்கலாம். முதற் பரிசு ஒன்றுதான். சீட்டு வாங்குவோர் பதின்மடங்கு பெருகினாலும் பரிசு பத்தாகாது. வாங்குவோர் செலவுதான் பத்தாகும். பிட்காயின் பொறிகள் ஓயாமல் எண்களை ஊகித்துப் பார்க்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஏதோ ஒரு பொறிக்குப் பரிசு விழுகிறது. 2024 ஏப்ரல் முதல் அப்பரிசு 3.125 பிட்காயின். பொறிகள் மிகுந்து பரிசு விரைவாக விழத் தொடங்கினால், ஏறத்தாழ இரண்டு வாரத்திற்கு ஒருமுறை புதிர் தானாகவே கடினமாகிவிடும். ஆகவே, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பொறியைக் கண்டுபிடித்தாலும் பயனில்லை. மிச்சமாகும் மின்சாரத்தைத் தின்ன இன்னொரு பொறி வந்து சேரும். நாணயத்தின் விலை ஏறினால் செலவும் ஏறும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2025இல் வெளியிட்ட கணக்கின்படி இது ஆண்டுக்கு 13,800 கோடி யூனிட். உலகின் மொத்த நுகர்வில் ஏறத்தாழ அரை விழுக்காடு.

எனின், தடை இதைக் குறைக்குமா? சீனா செய்து பார்த்தது. 2019இல் உலகின் பிட்காயின் பொறியாற்றலில் நான்கில் மூன்று பங்கு அந்நாட்டில் இருந்தது. 2021 மே மாதத்தில் பெய்ஜிங் அரசு தோண்டுதலை ஒடுக்கத் தொடங்கியது. செப்டம்பரில் கிரிப்டோ வாணிகம் முழுவதையுமே சட்டவிரோதமாக்கியது. பொறிகள் கப்பலேறின. கசக்ஸ்தானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. சிச்சுவான் மலைகளில் மழைக்காலத்து அணை நீரில் ஓடியவை, கசக்ஸ்தானில் நிலக்கரி மின்சாரத்தில் ஓடலாயின. பிட்காயின் பயன்படுத்திய மின்சாரத்தில் நீர், காற்று, வெயில் முதலிய புதுப்பிக்கத்தக்க வழிகளின் பங்கு 41.6 விழுக்காட்டிலிருந்து 25.1 ஆகச் சரிந்ததென 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. கசக்ஸ்தானில் அந்தக் குளிர்காலத்தில் மின்தட்டுப்பாடு தோன்றிற்று. சீனாவிலேனும் தோண்டுதல் ஒழிந்ததா என்றால், அதுவுமில்லை. 2022 ஜனவரியில் உலக ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு மீண்டும் சீனாவில் மறைவாக ஓடிக்கொண்டிருந்ததாகக் கேம்பிரிட்ஜ் கணக்கே காட்டியது. புகையைக் குறைப்பதற்கென்று போட்ட தடை, புகையைக் கூட்டிய கதை இது. சீனாவின் நோக்கம் புகை மட்டுமன்று, பணத்தின்மீது அரசின் பிடியும்தான் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இன்னொரு நிகழ்ச்சியைத் தடைவாதிகள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கிரிப்டோ நாணயங்களில் இரண்டாம் பெரியதான ஈதர், 2022 செப்டம்பரில் இந்தப் புதிர்ப் போட்டியையே கைவிட்டது. நாணயத்தை ஈடாக வைத்தவர்களே கணக்கைச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. எந்த அரசும் ஆணையிடவில்லை. ஆகவே மின்சாரத்தைத் தின்பது கிரிப்டோ நாணயத்தின் பிறவிக் குணமன்று; ஒரு குறிப்பிட்ட முறையின் குணம். அந்த முறைக்கு வரம்பு கட்ட முனைந்த ஒரு திருத்தம், 2022 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பொருளாதாரக் குழுவில் தோற்றுப்போனது.

இனிக் குற்றம். சில்க் ரோட் என்னும் கள்ளச்சந்தையை அமெரிக்கா 2013இல் மூடியதிலிருந்து இப்பழி தொடர்கிறது. பணத்தால் நடந்த குற்றத்தைக் காண மலேசியரோ சிங்கப்பூரரோ வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1எம்டிபி நிதியிலிருந்து கையாடப்பட்டது 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று அமெரிக்க நீதித்துறை கூறியது. அப்பணம் கோட்டும் டையும் அணிந்தவர் நடத்தும் வங்கிகளின் வழியே சென்றது. சிங்கப்பூர் 2016இல் பிஎஸ்ஐ வங்கிக்குக் கொடுத்திருந்த அனுமதியைப் பறித்தது. வங்கித் தொழிலையே தடை செய்யவில்லை. பத்தாயிரம் வெள்ளி நோட்டு கள்ளப்பணத்திற்கு வசதியானது என்று கண்டபோது, 2014 முதல் அதை அச்சிட்டு வெளியிடுவதை நிறுத்தியது. பத்து வெள்ளி நோட்டைத் தொடவில்லை.

இந்த விடை பாதி விடைதான். வங்கிக்கு ஒரு வாசல் உண்டு, அங்கே போய்க் கதவைத் தட்டலாம். பிட்காயினுக்கு வாசலில்லை, பறிப்பதற்கு அனுமதிச் சீட்டும் இல்லை. மருத்துவமனைக் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்கும் கொள்ளையர், 2017இல் பிரிட்டனில் பலர் பட்ட பாட்டுக்குப் பின்னர் உலகறிந்தவர் ஆயினர். எல்லை தாண்டிப் பணயம் வாங்கும் வசதியை இந்த நாணயம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அதே நாணயத்தின் பேரேடு எவரும் படிக்கத்தக்கதாகத் திறந்தே கிடக்கிறது. 2021 மே மாதத்தில் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் கொடுத்த 75 பிட்காயினில் 63.7ஐ அடுத்த மாதமே அமெரிக்க அரசு மீட்டது அப்பேரேட்டைப் பின்தொடர்ந்துதான்.

வாதத்தின் பெரிய ஓட்டை இதற்கும் அப்பால் இருக்கிறது. சட்டவிரோதக் கிரிப்டோ பரிமாற்றங்களில் 63 விழுக்காடு, டாலரோடு விலை பிணைக்கப்பட்ட நிலைநாணயங்களில் நடந்ததாகச் செய்னாலிசிஸ் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அவற்றுள் பெரியதான டெதரைப் புதிர் போட்டியிட்டு எவரும் தோண்டுவதில்லை. அது மின்சாரத்தைப் பாழாக்குவதுமில்லை. அதை வெளியிடும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஐயத்துக்குரிய கணக்கை முடக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. மின்சாரப் பழி பிட்காயின்மீது விழுகிறது. குற்றப் பழியின் பெரும்பகுதி வேறொன்றின்மீது விழுகிறது. இரு வேறு ஆட்களை ஒரே கூண்டில் ஏற்றி ஒரே தீர்ப்பைக் கேட்கிறார்கள்.

தடை போட்ட பிற அரசுகளின் பட்டறிவும் ஊக்கம் தருவதாயில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளை விலகி நிற்கச் சொன்ன ஆணையை, காட்டப்பட்ட தீங்குக்கு அது பொருந்திய அளவில் இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தள்ளிவிட்டது. நைஜீரியா 2021இல் வங்கிக் கதவை அடைத்தது. வாணிகம் ஆளுக்கு ஆள் நேரடியாக நடந்தது. 2023 டிசம்பரில் கதவு மீண்டும் திறக்கப்பட்டது.

கசக்ஸ்தான் வேறு வழியை நாடியது. 2022 முதல், தோண்டுவோர் செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி வரி விதித்தது. மின்சாரமே குறை என்றால் மின்சாரத்திற்கே விலை வைக்கும் இம்முறை, தடையைவிடப் பொருத்தமானது. மலேசியாவில் அது செல்லுமா என்பது வேறு கேள்வி. 2018 முதல் 2023 வரை தோண்டுவோர் திருடிய மின்சாரத்தால் ஏற்பட்ட இழப்பு 340 கோடி ரிங்கிட் என்று அரசாங்கமே 2024இல் சொன்னது. மீட்டருக்கு முன்னாலேயே கம்பியை வெட்டி இழுப்பவனுக்கு வரியும் ஒன்றுதான், தடையும் ஒன்றுதான். கடைவீட்டு மாடியில் சன்னலை அடைத்துவிட்டு இரவு பகலாக விசிறி ஓட்டுகிறவனைப் பிடிக்க மின்சாரச் சட்டம் 1990ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மீரியில் பிடிபட்டவர்கள் தண்டிக்கப்பட்டதும் களவுக்காகத்தான்.