ஆடத் தெரியும், ஆட்டுவிக்கத் தெரியுமா?

பாலே கற்கும் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே சுவரோரக் கம்பியைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் காதில் விழுவதெல்லாம் திருத்தங்கள்தான்: முட்டியை நீட்டு, தோளை இறக்கு, முதுகை நிமிர்த்து. சொன்னதைச் சொன்னபடி செய்பவரே நல்ல மாணவர். அப்படி வளர்ந்தவரிடம் பல்கலைக்கழகத்தில் ஒருநாள், ‘இதோ ஆறு பேர், இதோ மேடை, புதிதாக ஒன்றைச் செய்து காட்டு’ என்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நடனத் துறைகள் நடத்தும் மாணவர் படைப்பு நிகழ்ச்சிகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களில் பலர் சுழற்சிகளை எண்ணுகிறார்கள். தாவலின் உயரத்தைப் பார்க்கிறார்கள். கால் நடுங்கினால் உச்சுக்கொட்டுகிறார்கள். அதெல்லாம் ஆடுபவருக்குப் போடும் மதிப்பெண். நடனத்தை உருவாக்கிய மாணவரை அதை வைத்து அளக்க முடியாது. எதை வைத்தார், எதை வெட்டினார், யாரை எங்கே நிறுத்தினார் என்று அவர் எடுத்த முடிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பாலே பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. 1949இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் பாலேவைப் பாடமாக்கியது. 1951இல் வில்லம் கிறிஸ்டென்சன் யூட்டா பல்கலைக்கழகத்தில் பாலே கற்பிக்கத் தொடங்கினார். சான்பிரான்சிஸ்கோவில் 1944இல் ‘நட்கிராக்கர்’ முழுவதையும் அமெரிக்க மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். யூட்டாவில் அவர் வளர்த்தெடுத்த முயற்சி 1963இல் தொழில்முறைக் குழுவாகி, 1968இல் ‘பாலே வெஸ்ட்’ என்று பெயர் பெற்றது. வகுப்பறையில் போட்ட விதை பெரிய மேடையில் மரமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இடமும் இசையும்

முதல்முறை நடனம் அமைப்பவர் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: மேடை முழுவதையும் நிரப்பிவிடுவது. ஆறு பேரும் ஒரே நேரத்தில், நடு மேடையில், பார்வையாளரை நோக்கி, ஒரே அசைவைச் செய்வார்கள். இரண்டு நிமிடத்தில் கண் சலித்துவிடும். கையில் இருக்கும் ஆட்களை வைத்துக் களம் அமைக்கும் கிரிக்கெட் கேப்டனைப் போல, எந்த இடத்தைக் காலியாக விடுவது என்று தெரிந்தவரே தேர்ந்த நடன இயக்குநர். ஒரு மூலையில் ஒருத்தி தனியாக நிற்க, எதிர்மூலையில் நால்வர் ஆடினால், இடையில் இருக்கும் வெற்றிடமும் பேசத் தொடங்கும்.

இசையிலும் இதே கதைதான். தாளம் தட்டும் இடத்திலெல்லாம் ஓர் அடி வைத்துவிட்டால் நடனம் இசைக்கு எடுபிடியாகிவிடுகிறது. பாலே வகுப்பில் எல்லாமே எட்டு எட்டாக எண்ணிப் பழகுவதால் இந்தப் பழக்கம் எளிதில் விடாது. எட்டாவது எண்ணிக்கையில் அசைவை முடிக்காமல் அடுத்த ஒன்றுக்குள் இழுத்துச் செல்லும் மாணவரைப் பார்த்தால், அவர் இசையை உண்மையிலேயே கேட்டிருக்கிறார் என்று நம்பலாம்.

ஓர் எளிய சோதனை உண்டு. ஒரே தொடரை மூன்று பேர் இரண்டு எண்ணிக்கை இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவதைக் ‘கேனன்’ என்பார்கள். முதலாமவர் கை உயர்ந்து நிற்கும்போது இரண்டாமவர் இடுப்பு வளைகிறது, மூன்றாமவர் அப்போதுதான் காலை நீட்டுகிறார். அந்த ஒரு நொடியில் மூன்று உருவங்களும் சேர்ந்து ஒரு சித்திரம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால், மூவரும் தாளம் தவறிவிட்டார்கள் என்றே அரங்கம் நினைக்கும். தொடரை உருவாக்கும்போதே அதை மூன்று அடுக்காகக் கற்பனை செய்து பார்த்தாரா என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

காலணியும் ஒரு முடிவுதான். நுனிக்காலில் நிற்க உதவும் பாயின்ட் ஷூ உடலுக்கு நீளத்தைத் தருகிறது; ஆனால் தரையில் உருண்டு எழும் அசைவுகளைச் சிரமமாக்குகிறது, அமைதியான இசையில் ‘டக் டக்’ என்று ஒலிக்கவும் செய்கிறது. பாலே என்பதற்காகவே அதை மாட்டிவிடுவதும், இந்த நடனத்துக்கு அது தேவை என்று மாட்டுவதும் வேறு வேறு.

உள்ளதை வைத்து

மாணவ இயக்குநருக்குக் கிடைப்பவர்கள் சக மாணவர்கள். ஒருவருக்குத் தேர்வு, இன்னொருவருக்குக் கணுக்கால் பிசகு, மற்றொருவருக்கு வேறொரு நடனத்தின் ஒத்திகை. அறுவருக்கு அமைத்தது ஐவருக்கு என்று கடைசி வாரத்தில் மாறலாம். இதைக் குறையாக நினைப்பவர்கள் ‘செரனேட்’ பிறந்த கதையை அறிய வேண்டும்.

ஜார்ஜ் பாலன்சின் 1934இல் நியூயார்க்கில் அப்போதுதான் திறந்த ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே மாணவர்களுக்காகச் சைக்கோவ்ஸ்கியின் இசையில் அமைத்த நடனம் அது. முதல் மாலை வந்தவர்கள் 17 பெண்கள். அந்த ஒற்றைப்படை எண்ணை வைத்தே தொடக்கக் காட்சியை அமைத்தார். அடுத்த வகுப்புக்கு 9 பேர், அதற்கடுத்து 6 பேர் என்று வர, வந்தவர்களை வைத்தே அடுத்தடுத்த பகுதிகள் வளர்ந்தன. ஒருத்தி தாமதமாக வந்தாள். அதுவும் நடனத்தில் சேர்ந்தது. ஒருத்தி விழுந்தாள், அதுவும் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதி ஒரு செல்வந்தரின் தோட்டத்தில் மாணவர்கள் ஆடிய அந்த நடனத்தை இன்று உலகின் பெரிய பாலே குழுக்கள் ஆடுகின்றன. பற்றாக்குறையையே வடிவமாக்கிய மேதைமை அது.

திருத்தம் வேறு, விமர்சனம் வேறு

படைப்பு மேடையேறும் முன் ஆசிரியர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். இங்கேதான் நுட்பம் தேவை. ‘அந்த இடத்தை மாற்று’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், மாணவர் மறுபடியும் கேட்டு நடக்கும் பிள்ளையாகிவிடுவார். 1990ஆம் ஆண்டு வாக்கில் நடன இயக்குநர் லிஸ் லெர்மன் வகுத்த முறை இதற்கு நல்ல மருந்து. முதலில் பார்த்தவர்கள் தம்மைத் தொட்டதைச் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். பிறகு பார்த்தவர்கள் சார்பில்லாத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டுமே அபிப்பிராயம். ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது தீர்ப்பு. ‘அந்தப் பகுதியில் நீங்கள் எதைக் காட்ட நினைத்தீர்கள்?’ என்பது கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தேடும்போதே பல மாணவர்கள் தாமாக வெட்டத் தொடங்குவார்கள்.

இங்கிருந்து போனவர்கள்

2007இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய குழு கொலம்பியா பாலே கொலாபரேட்டிவ். நியூயார்க் சிட்டி பாலேயில் ஆடியபடியே கொலம்பியாவில் படித்த ஜஸ்டின் பெக், 2009இல் தன் முதல் நடனத்தை அந்தக் குழுவுக்காகத்தான் அமைத்தார். ஐந்தே ஆண்டுகளில், 2014இல், நியூயார்க் சிட்டி பாலேயின் நிரந்தர நடன இயக்குநரானார். அவருக்கு வெகு முன்பே, மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் நாடகமும் படித்த ஜான் நோய்மையர் தன் முதல் நடனங்களை அங்கேயே அமைத்தார். பின்னாளில் 1973 முதல் 2024 வரை ஹாம்பர்க் பாலேயை வழிநடத்தியவர் அவர்.

இருவரும் ஆண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பாலே வகுப்புகளில் நிரம்பியிருப்பவர்கள் பெண்கள். பெரிய குழுக்களின் மேடையில் நடனம் அமைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குழு நடனத்தில் ஒரே வரிசையில் ஒரே மாதிரி நிற்கப் பழக்கப்பட்ட பெண்ணுக்கு, தனித்து யோசிக்க வேறெங்கும் வாய்ப்பு எளிதில் வருவதில்லை. பல்கலைக்கழக மேடை அந்த வாய்ப்பைப் பாலினம் பாராமல் தருகிறது. இந்த நிகழ்ச்சிகளின் ஆகப்பெரிய மதிப்பு இதுதான் என்பேன்.

ஆனால் ஒருமுறை தந்தால் போதாது. முதல் படைப்பில் எல்லோரும் தாம் ஆடிய நடனங்களைத்தான் திருப்பிச் செய்வார்கள். சொந்தக் குரல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் கேட்கும். எனவே நடனத் துறைகள் கடைசி ஆண்டுவரை காத்திருக்காமல் இரண்டாம் ஆண்டிலேயே மேடை தரட்டும். ஒத்திகைக்குக் கூடுதல் நேரமும், முடிந்தால் நேரடி இசையும் தரட்டும். சறுக்கிய படைப்புக்கும் அடுத்த ஆண்டு இடம் உண்டு என்று உறுதி சொல்லட்டும். ஆடத் தெரிந்தவர்களை உருவாக்கப் பாலே பள்ளிகள் போதும். ஆட்டுவிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கத் துணியும் துறைகளுக்குத்தான் பல்கலைக்கழகம் என்ற பெயர் பொருந்தும்.