பட்டமும் பாணியும்: மகளிர் டென்னிஸ் சாம்பியன்கள் வந்த வழி

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயருக்குள்ளேயே ஒரு தறி இருக்கிறது. 1734-இல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, கூவம் வளைந்தோடும் இந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் வாய்க்கு வாய் மாறி இன்றைய பெயராயிற்று. தறிச் சத்தம் அடங்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பாவையும் ஊடையையும் நான் முதன்முதலில் பார்த்தது இந்தப் பேட்டையில், ஒரு டென்னிஸ் மட்டையில்.

பக்கத்து வீட்டு மாமா டென்னிஸ் மட்டைகளுக்குக் கட் போடுவார். சேப்பாக்கத்திலிருந்தும் நுங்கம்பாக்கத்திலிருந்தும் மட்டைகள் வரும். திண்ணையில் உட்கார்ந்து, சட்டத்தை இடுக்கியில் பூட்டி, நெடுக்கு நரம்புகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டுவார். தளர்ந்துவிடாமல் துளையில் குத்தூசியைச் செருகிக்கொள்வார். பிறகு குறுக்கு நரம்பு. ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று பின்னிக்கொண்டே போகவேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் அதுவரை பின்னியதைப் பிரிக்கவேண்டியதுதான். முடித்ததும் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார்.

"மட்டையைப் பாத்தாலே போதும் பாப்பா, ஆளு எப்படி ஆடுவாங்கன்னு சொல்லிடுவேன்" என்பார். சுழற்சி கொடுத்து அடிப்பவரின் மட்டையில் நெடுக்கு நரம்பு குறுக்கு நரம்பின்மேல் உரசி உரசி அறுத்தாற்போலப் பள்ளம் விழுந்திருக்கும். வலையருகே நின்று பந்தைத் தட்டி முடிப்பவரின் மட்டையில் அந்தப் பள்ளம் அவ்வளவாக இருக்காது. பரதநாட்டியத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று பிரித்தறிவதுபோல டென்னிஸிலும் பாணி உண்டு என்பதை அந்தத் திண்ணைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 1988 ஜூலையில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஸ்டெஃபி கிராஃப், மார்ட்டினா நவ்ரத்திலோவாவை 5-7, 6-2, 6-1 என்று வென்றதைப் பார்த்தபோது, இரண்டு பெண்கள் மோதுவதோடு இரண்டு பாணிகள் மோதுவதும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

தொடக்கம்

விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் போட்டி தொடங்கியது 1884-இல். களமிறங்கியவர்கள் 13 பேர். இறுதியில் மோட் வாட்சன் தன் அக்கா லிலியனையே வென்று முதல் சாம்பியன் ஆனார். மூன்றே ஆண்டுகளில், 1887-இல், லாட்டி டாட் என்ற 15 வயதுச் சிறுமி பட்டத்தைத் தட்டிச் சென்றார். அதே ஆண்டு அமெரிக்காவிலும், 1897-இல் பிரான்ஸிலும், 1922-இல் ஆஸ்திரேலியாவிலும் மகளிர் பட்டங்கள் பிறந்தன. பிரெஞ்சுப் போட்டி 1925-இல்தான் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பேச முடிவது அதற்குப் பிறகுதான்.

பாணிகள்

முதல் பெரும் பாணி பிரான்ஸின் சூசான் லெங்லனுடையது. தரையில் கைக்குட்டையை விரித்து, பந்து அதில் விழும்படி அடிக்கச் சொல்லி அவருடைய தந்தை பழக்கினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். துள்ளி எழுந்து, காற்றில் மிதந்து பந்தைச் சந்திக்கும் அவருடைய ஆட்டத்தில் நடனத்தின் சாயல் இருந்தது. 1919 விம்பிள்டன் இறுதியில், ஏழு பட்டங்கள் வென்றிருந்த டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸை 10-8, 4-6, 9-7 என்று அவர் வென்றார். நீளப் பாவாடையோடு ஆடிய ஒரு தலைமுறை அன்று விடைபெற்றது. அடுத்து வந்த அமெரிக்கர் ஹெலன் வில்ஸ் இதற்கு நேர்மாறு. முகத்தில் சலனமே இல்லாமல், பின்கோட்டருகே நின்று ஓங்கி அடிப்பவர். ஒற்றையர் பிரிவில் அவர் சேர்த்த பெரும் பட்டங்கள் 19.

அதன்பின் நீண்டகாலம் கோலோச்சியது வலைப் பாணி. அதற்குக் காரணம் தரைதான். 1974 வரை ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா மூன்றுமே புல்தரைப் போட்டிகள். புல்லில் பந்து தாழ்வாகச் சறுக்கிக்கொண்டு வரும். பந்தைத் தரையில் விழவிடாமல், சர்வீஸ் போட்ட கையோடு முன்னேறி, வலையருகே வாலியில் முடிப்பதே புத்திசாலித்தனம். மார்கரெட் கோர்ட், பில்லி ஜீன் கிங், நவ்ரத்திலோவா ஆகியோர் இந்த வழியில் வந்தவர்கள். ஒன்பது முறை விம்பிள்டன் வென்ற நவ்ரத்திலோவாவிடம் இந்தப் பாணி தன் உச்சத்தைத் தொட்டது.

களிமண் தரையில் பந்து மெதுவாக, உயர எழும். அங்கே அவசரப்படுபவர் தோற்பார். ஃபுளோரிடாவின் களிமண்ணில் வளர்ந்த கிறிஸ் எவர்ட், இரண்டு கையாலும் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்டை ஒரு பாணியாகவே நிலைநிறுத்தினார். களிமண்ணில் தொடர்ந்து 125 ஆட்டங்கள் வென்றவர். பிரெஞ்சுப் பட்டம் மட்டும் ஏழு. எவர்ட்டும் நவ்ரத்திலோவாவும் 80 முறை மோதினார்கள். 43 முறை வென்றவர் மார்ட்டினா. எவர்ட் இல்லையென்றால் மார்ட்டினா உடலை வருத்தி அந்த உயரத்துக்கு வந்திருப்பாரா என்பது என் ஐயம். ஒரு பாணியைக் கூர்தீட்டுவது அதன் எதிர்ப்பாணிதான்.

எண்பதுகளில் மரமட்டை மறைந்து, கிராஃபைட் மட்டை கைக்கு வந்தது. முகம் அகன்றது, எடை குறைந்தது. வலையருகே வந்தவரைத் தாண்டிப் பந்தை அடித்துவிடுவது எளிதாயிற்று. கிராஃபின் ஃபோர்ஹேண்டும், இரண்டு பக்கமும் இரண்டு கையால் அடித்த மோனிகா செலஸின் கோண அடிகளும் இந்தக் காலத்தின் பிள்ளைகள். 20 வயதுக்குள் எட்டுப் பெரும் பட்டங்கள் வென்ற செலஸை 1993-இல் ஹாம்பர்க்கில், ஆட்டத்துக்கு நடுவிலேயே ஒருவன் கத்தியால் குத்தினான். மீண்டு வந்து 1996-இல் இன்னொரு பட்டம் வென்றார். ஆனால் அந்தக் கத்தி பறித்த பட்டங்களை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் காண முடியாது.

பிறகு கலிஃபோர்னியாவில் காம்ப்டன் நகரத்துப் பொது ஆடுகளங்களிலிருந்து அக்காவும் தங்கையுமாக வீனஸ், செரீனா வில்லியம்ஸ் வந்தார்கள். சர்வீஸைத் தற்காப்பாகக் கருதிய காலம் அவர்களோடு முடிந்தது. செரீனாவின் சர்வீஸைப் போல இன்னொரு பெண்ணின் சர்வீஸை நான் பார்த்ததில்லை. இன்று களிமண்ணில் இகா ஸ்வியாடெக்கின் கனத்த டாப்ஸ்பின்னும், கடினத் தரையில் அரினா சபலென்காவின் அதிரடியும் அந்த வலிமையின் தொடர்ச்சிதான்.

குரு பரம்பரை

இத்தனை பாணிகளிலும் என் மனம் நின்றுபோவது செக் நாட்டில். மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். அங்கிருந்துதான் நவ்ரத்திலோவா, ஹனா மண்ட்லிகோவா, யானா நோவோட்னா, பெட்ரா குவிட்டோவா, பார்போரா கிரெஜ்சிகோவா, மார்கெட்டா வொண்ட்ரூசோவா என்று சாம்பியன்கள் வரிசையாக வருகிறார்கள். 2023-லும் 2024-லும் விம்பிள்டன் பட்டம் அடுத்தடுத்துச் செக் பெண்களுக்கே போயிற்று.

இதற்கு விடை பரம்பரையில் இருக்கிறது. 1962 விம்பிள்டன் இறுதி வரை வந்த வேரா சுகோவா, பின்னாளில் நாட்டின் மகளிர் அணிக்குப் பயிற்சியாளரானார். நான்கு பெரும் பட்டங்கள் வென்ற மண்ட்லிகோவா, நோவோட்னாவுக்குப் பயிற்சி கொடுத்தார். 1993 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் வெற்றியின் விளிம்பிலிருந்து சரிந்து, கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுத நோவோட்னா, 1998-இல் அதே மைதானத்தில் கோப்பையைத் தூக்கினார். 2014-இல் 18 வயது கிரெஜ்சிகோவா கையில் ஒரு கடிதத்தோடு அந்த நோவோட்னாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். இளையோர் ஆட்டம் முடிந்தது, இனி என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நின்ற பெண்ணை அவர் ஏற்றுக்கொண்டார். 2017-இல் நோவோட்னா புற்றுநோயில் மறைந்தார். 2021-இல் பிரெஞ்சுப் பட்டத்தையும் 2024-இல் விம்பிள்டனையும் கிரெஜ்சிகோவா வென்றார். சாம்பியன்கள் பலகையில் குருவின் பெயர் இருக்கும் இடத்திலேயே தன் பெயரும் எழுதப்பட்டதைப் பார்த்து அவர் கண்ணீர் விட்டார். நம் இசைக்கும் நடனத்துக்கும் இந்தக் கதை புதிதா என்ன?

அளவுகோல்கள்

யார் பெரியவர் என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் எண்ணத் தொடங்குகிறார்கள். கோர்ட் 24, செரீனா 23, கிராஃப் 22, வில்ஸ் 19, எவர்ட்டும் நவ்ரத்திலோவாவும் தலா 18. இந்த எண்கள் பாவு. நெடுக்கே இழுத்துக் கட்டிய நூல் மட்டும் துணியாகிவிடாது. குறுக்கே ஓடவேண்டிய ஊடை மூன்று என்பேன்.

முதலாவது, எதிரே நின்றவர்கள். கோர்ட்டின் 24-இல் 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள். கடல் தாண்டிய நெடும்பயணத்துக்கு அஞ்சி முன்னணி வீராங்கனைகள் பலர் அங்கே போகாத காலம் அது. அதைச் சொல்லும்போதே, 1970-இல் ஒரே ஆண்டில் நான்கையும் அவர் வென்றார் என்பதையும் சொல்வதுதான் நியாயம். அவருக்கு முன் அந்தச் சாதனையைச் செய்த பெண் ஒருவர்தான்: 1953-இல் மவ்ரீன் கனோலி.

இரண்டாவது, தரை. இந்த அளவில் கிராஃபுக்கு நிகர் எவரும் இல்லை. நான்கு பெரும் பட்டங்களில் ஒவ்வொன்றையும் குறைந்தது நான்கு முறை வென்றவர் அவர் ஒருவரே. 1988-இல் நான்கோடு ஒலிம்பிக் தங்கத்தையும் சேர்த்தார்.

மூன்றாவது, காலம். 1974 முதல் 1986 வரை 13 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு பெரும் பட்டமாவது எவர்ட் வென்றார். செரீனாவின் முதல் பட்டம் 1999-இல், 17 வயதில். கடைசிப் பட்டம் 2017-இல், 35 வயதில், வயிற்றில் குழந்தையோடு.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்டத்தின் முழுமைக்கு கிராஃப், ஆயுளுக்கு செரீனா என்பதே என் தீர்ப்பு. ஆனால் இவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது ஒன்று உண்டு: பின்னால் வருபவர்களுக்கு ஒருவர் செய்துவைத்தது என்ன? 1970-இல் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பேர் ஒரு டாலருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மகளிருக்கெனத் தனிச்சுற்றைத் தொடங்கிவைத்தார்கள். 1973-இல் அமெரிக்க ஓபன் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டனில் அது நடக்க 2007 ஆயிற்று. வீனஸ் வில்லியம்ஸ் அதற்காக வாதாடினார், அந்த ஆண்டே அந்தச் சமப் பரிசை வென்றும் காட்டினார். 12 பட்டங்கள் என்ற எண்ணுக்குள் பில்லி ஜீன் கிங்கை அடக்கிவிட முடியாது.

நம் வாசலில்

1934-இல் விம்பிள்டனில் ஒரு சுற்று வென்ற முதல் இந்தியப் பெண் லீலா ராவ். சமஸ்கிருத எழுத்தாளர் க்ஷமா ராவின் மகள். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்த ஓபன் காலத்தில் பெரும் போட்டி ஒன்றின் பிரதானச் சுற்றில் முதலில் வென்ற இந்தியப் பெண் நம் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிகினியை வென்றார். ஹைதராபாத்தின் சானியா மிர்சா 2005 அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்று வரை போனார். 2007-இல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடத்தைத் தொட்டார். 2025-இல் மும்பைப் போட்டியில் அரையிறுதி வரை வந்த 15 வயது மாயா ராஜேஷ்வரனும் கோவைப் பெண்தான்.

நுங்கம்பாக்கம் அரங்கம் 1995-இல் எழுந்தது. அங்கே ஆண்கள் போட்டியை இருபது ஆண்டுகள் பார்த்தோம். மகளிர் சுற்று முதன்முதலில் அங்கே வந்தது 2022 செப்டம்பரில். இறுதி ஆட்டத்தன்று நானும் போயிருந்தேன். மாக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியவர் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா. அவரும் செக் நாட்டுப் பெண்! 2025-இல் மகளிர் போட்டி மீண்டும் வந்தபோது பட்டம் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென்னுக்குப் போயிற்று. நம்மைப் போலவே வெயிலும் மழையும் புழுக்கமும் உள்ள நாட்டுப் பெண் அவர். தட்பவெப்பத்தைக் காரணம் காட்ட இனி நமக்கு வழியில்லை.

ராமநாதன் கிருஷ்ணன், ரமேஷ் கிருஷ்ணன் என்று தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் இது. ஆண்கள் டென்னிஸில் நாம் பார்த்த அந்தப் பரம்பரை பெண்கள் டென்னிஸில் இன்னும் வேர்பிடிக்கவில்லை. திறமை இல்லாமல் அல்ல. பள்ளி முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு அன்றாடம் இரண்டு மணி நேரம் ஓர் ஆடுகளம் வேண்டும். பக்கத்தில் நின்று பிடியைத் திருத்திச் சொல்ல, ஆடித் தேர்ந்த ஒரு அக்கா வேண்டும். பரதத்துக்கும் பாட்டுக்கும் இந்த ஊர் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறது.

மாநில அளவில், பல்கலைக்கழக அளவில் ஆடிவிட்டு, கல்யாணத்தோடு மட்டையைப் பரணில் போட்ட பெண்கள் இந்தப் பேட்டையிலும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பரணிலிருந்து அந்த மட்டையை இறக்குங்கள். நரம்பு தளர்ந்திருந்தால் புதிதாகக் கட் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் ஒரு பெண் தயங்கித் தயங்கி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். நோவோட்னா திறந்ததுபோல நீங்களும் திறந்து, அவளை உள்ளே அழையுங்கள்.