பெயரை மூடிவிட்டுப் படியுங்கள்

கட்சி சார்ந்தவர்கள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று சிலர் வாதிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எந்தப் பக்கமும் சாயாத மனிதனுக்கு ஜனாதிபதி யாரானால் என்ன? அவன் பேசாமலே இருந்துவிடுவான். ஒரு பக்கம் சாய்ந்தவன்தான் பேசுவான். பேச வேண்டியவனும் அவன்தான். ஆகவே, கட்சிப் பேச்சு கட்சிப் பேச்சாக இருக்கிறதே என்பதல்ல என் குறை. நம் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் வருகிறபோதெல்லாம் அபேட்சகர்களைப் பற்றி எழுதப்படுவதையும் பேசப்படுவதையும் நிதானமாகப் படித்துப் பார்த்தால், அவற்றில் அபிப்பிராயம் என்கிற வஸ்துவே அகப்படுவதில்லை. அதுதான் என் குறை.

கதை எழுதுகிறவனுக்கு இது தெரிந்த வியாதி. புதிதாக எழுத வருகிற இளைஞர்கள் சிலர் கதையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முதல் பக்கத்திலேயே கதாநாயகன் உத்தமன், பரோபகாரி, ஏழை பங்காளன் என்று எழுதியிருக்கும். கடைசிப் பக்கம் வரைக்கும் அவன் யாருக்கும் ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டான். வில்லனும் அப்படித்தான். கொடியவன் என்று பத்து இடத்தில் வரும். அவன் செய்த கொடுமை ஓரிடத்திலும் வராது. அடைமொழி இருக்கிறது, காரியம் இல்லை. நமது தேர்தல் பிரசாரமும் இந்த ரகம்தான். எளிமையானவர், பண்பாளர், பாமரர்களின் தோழர் என்று ஒரு பக்கம். கைப்பாவை, ரப்பர் ஸ்டாம்பு, சந்தர்ப்பவாதி என்று மறு பக்கம். அபேட்சகரின் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள். எந்த வருஷத்து அபேட்சகருக்கும் அந்த வாக்கியம் பொருந்துகிறது. எல்லோருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் தைத்த சட்டை அல்ல.

1969-ஆம் வருஷத்துத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். உப ஜனாதிபதியாக இருந்த வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பை ஏற்றார். காங்கிரஸ் தன் அபேட்சகராக நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. கிரி ராஜினாமாச் செய்துவிட்டுச் சுயேச்சையாக நின்றார். ரெட்டியின் நியமனப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிரதமர் இந்திரா காந்தியே பிறகு மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். காமராஜர் ரெட்டி பக்கம். தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. கிரி பக்கம். ஸ்வதந்திராவும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. ஆகஸ்டு 16-ல் வாக்குப்பதிவு. முதல் விருப்ப வாக்குகளில் ஒருவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்பத்தை எண்ணிய பிறகு கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. இந்தியாவில் ஜனாதிபதித் தேர்தல் இரண்டாம் விருப்ப வாக்கினால் முடிவானது அந்த ஒரு தடவைதான்.

இவ்வளவு நெருக்கமான போட்டியில் எழுதப்பட்டவற்றுள் சரித்திரத்தில் நின்றது எது? பெயர் போடாத ஒரு துண்டுப் பிரசுரம். ரெட்டியின் நடத்தையைப் பற்றி அவதூறு சொல்லும் அந்தக் காகிதம் பார்லிமெண்ட் அங்கத்தினர்களுக்கு விநியோகம் ஆனதென்று வழக்குப் போட்டார்கள். பதவியில் இருந்த ஜனாதிபதி கிரி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். 1970-ல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது; எழுத்தாளன் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதியவன் தன் பெயரைப் போடத் துணியாத எழுத்தை வாசகன் ஒரு வரிகூட நம்ப வேண்டியதில்லை.

இனி ரெட்டியின் கதையைக் கேளுங்கள். 1969-ல் பாதி தேசம் கூடாது என்று தள்ளிய அதே மனிதரை 1977-ல் எல்லாக் கட்சியும் சேர்ந்து போட்டியின்றி ஜனாதிபதி ஆக்கின. நடுவே சென்றது எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அவர் குணம் தலைகீழாக மாறிவிட்டதா? கட்சிகள் நின்ற இடம்தான் மாறியிருந்தது. 1969-ல் அவரைப் பற்றிச் சொன்னவை அபிப்பிராயமாக இருந்திருந்தால், 1977-ல் யாராவது ஒருவர் அவற்றை ஞாபகப்படுத்தியாவது இருப்பார்.

டில்லியின் கதை இருக்கட்டும். நான் அறிந்த மீன்சுருட்டிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் அணைக்கரைக்கு முன்னால் வருகிற ஊர் அது. ஜயங்கொண்டத்துக்குச் சாலை பிரிகிற இடம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் கூப்பிடு தூரம் என்பார்கள். சுற்றிலும் முந்திரித் தோப்பு. 1969-ல் அது திருச்சி ஜில்லா உடையார்பாளையம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. இன்று அரியலூர் மாவட்டம். மீன்சுருட்டிக்காரர் ஒருவருக்கு ஜனாதிபதித் தேர்தலில் வோட்டு இல்லை. அவருடைய ஜயங்கொண்டம் எம்.எல்.ஏ.வுக்கு உண்டு. 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகையை 234 தொகுதிகளால் வகுத்து, அதை மறுபடியும் ஆயிரத்தால் வகுத்து, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வோட்டுக்கு 176 என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அந்த 176-ல் நம்மவரின் பங்கு முந்திரிக்கொட்டையின் மேல்தோல் அளவுகூட இராது. ஆனாலும் அவர் பேசாமல் இருந்ததில்லை. அது அவருக்குப் பெருமை.

2012-ல் டீக்கடை பெஞ்சில் நான் கேட்ட சம்பாஷணை இது. பிரணாப் முகர்ஜியைத் தி.மு.க. ஆதரித்தது, பி. ஏ. சங்மாவை அ.தி.மு.க. ஆதரித்தது. அண்ணன் தம்பி மாதிரிப் பழகும் மாமனும் மாப்பிள்ளையும் அன்று எதிரெதிர்க் கட்சி.

"சங்மான்னா யாரு மாமா, எந்த ஊரு?"

"எந்த ஊரா இருந்தா என்னடா மாப்ளே? அம்மா சொல்லிட்டாங்க. தங்கமான மனுசனாத்தான் இருப்பாரு."

"தங்கமான மனுசன்தான். எங்க ஆளு பெரிய படிப்பாளி, தெரியும்ல?"

"என்ன படிச்சிருக்காரு?"

"அது... நிறையப் படிச்சிருக்காரு மாமா."

சங்மா மேகாலயாவின் முதலமைச்சராகவும் லோக்சபையின் சபாநாயகராகவும் இருந்தவர். முகர்ஜி அந்த ஜூன் மாதம்வரை நிதி மந்திரி. இருவரும் செய்த காரியங்கள் பத்திரிகைகளில் வருஷக்கணக்காக வந்தவை. அவற்றில் ஒன்றாவது பெஞ்சுக்கு வரவில்லை. மாமன் மாப்பிள்ளை பேரில் நான் குற்றம் காணவில்லை. அவர்களுக்குப் படிக்கக் கிடைத்த கட்சிப் பத்திரிகையில் காரியம் இல்லை, அடைமொழிதான் இருந்தது. அதைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2002-ல், அதே பெஞ்சில் சண்டையே இல்லை. தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்து அப்துல் கலாமை ஆதரித்தன. எதிர்த்து நின்றவர் யார் என்று கேட்டால் பலர் விழித்தார்கள். நின்றவர் லட்சுமி ஷெகல். 1914-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். நேதாஜியின் ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் தாயார் அம்மு சுவாமிநாதன் 1952-ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர். ராமேஸ்வரத்துக்காரரும் சென்னையில் பிறந்தவரும் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டுக்குப் பேச எத்தனையோ விஷயம் இருந்தது. கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366. கட்சிகள் ஒத்துப்போனதும் பேச்சும் நின்றுவிட்டது. அப்படியானால் மற்ற சமயங்களில் நாம் பேசியது நம் பேச்சுத்தானா? கட்சிகள் பிரியும்போது நாமும் பிரிந்து, அவை சேரும்போது நாமும் வாய் மூடிக்கொண்டால், அது அபிப்பிராயம் அல்ல, எதிரொலி.

"ஜனாதிபதிக்கு என்ன அதிகாரம்? யார் வந்தால் என்ன?" என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியைத் தமிழன் கேட்கக் கூடாது. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டது, கையெழுத்திட்டவர் பக்ருதீன் அலி அகமது. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். மந்திரிசபை கலைக்கப்பட்டது, கையெழுத்து, முன்னே சொன்ன சஞ்சீவ ரெட்டியினுடையது. 1991 ஜனவரி 30-ல் மறுபடியும் தி.மு.க. மந்திரிசபை. இந்தத் தடவை கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்பவில்லை. அறிக்கை இல்லாமலே கையெழுத்திட்டவர் நம் தஞ்சை ஜில்லா ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். 1987-ல் அவரும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரும் போட்டியிட்டபோது தமிழ்நாட்டுக் கட்சிகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கவர்னரின் அறிக்கை இல்லாமல் ஒரு மந்திரிசபையைக் கலைக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கையெழுத்திடாமலும் இருக்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச மந்திரிசபையைக் கலைக்கும்படி மத்திய மந்திரிசபை சிபாரிசு செய்தது. கே. ஆர். நாராயணன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மத்திய மந்திரிசபை அதைக் கைவிட்டது. ஒரு மனிதரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு இது காரியம். நாம் கொண்டாடிய கலாம் விஷயத்திலும் அப்படித்தான். 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தபோது பீஹார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார்; சுப்ரீம் கோர்ட் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2006-ல் ஆதாயப் பதவி மசோதாவை அவர் பார்லிமெண்டுக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டையும் சேர்த்து எடை போட்டால்தான் கலாம் என்கிற ஜனாதிபதி நமக்குத் தெரிவார். "நல்ல மனிதர்" என்ற ஒரு சொல் இந்த இரண்டையுமே மறைத்துவிடுகிறது.

உத்தியோகஸ்தர்கள் பாடு இதைவிட மோசம். தாலுகா ஆபீசுக்குப் புது தாசில்தார் வந்து நாற்காலியில் உட்காருமுன்னே, "அவங்க ஆளு" என்று ஊரில் முத்திரை குத்தியாகிவிடும். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்தவனுக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை என்றால், அது சொல்ல வேண்டிய குற்றம். தேதியோடு சொல்ல வேண்டிய குற்றம். "அவங்க ஆளு" என்று சொல்லிவிட்டால் தேதி மறைந்துபோகிறது, மனுவும் மறைந்துபோகிறது. சோம்பேறி உத்தியோகஸ்தனுக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது. "கட்சித் துவேஷத்தில் சொல்கிறார்கள்" என்று ஒரு வார்த்தையில் தப்பித்துக்கொள்வான். நேர்மையாக வேலை பார்த்தவனுக்கோ அந்த முத்திரையை அழிக்க வழியே இல்லை.

உத்தியோகஸ்தராகவும் ஜனாதிபதி அபேட்சகராகவும் இருந்த ஒருவர் நமக்கு நல்ல பாடம். 1990 டிசம்பர் முதல் 1996 டிசம்பர் வரை தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தார் டி. என். சேஷன். அவருடைய வற்புறுத்தலால்தான் வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வந்தது. நடத்தை விதிகள் என்று ஒன்று உண்டு என்பதையே கட்சிகளுக்கு ஞாபகப்படுத்தியவர் அவர். அவரைக் கட்சிக்காரர்கள் சர்வாதிகாரி என்றார்கள். மத்தியதர வர்க்கம் அவதாரம் என்றது. 1997-ல் நாராயணனை எதிர்த்து நின்றார். நாராயணனுக்கு 9,56,290; சேஷனுக்கு 50,631. சர்வாதிகாரி என்றவர்களும் சரி, அவதாரம் என்றவர்களும் சரி, அவர் விதியை அமல் செய்த முறையில் எது சரி, எது மிகை என்று பிரித்துச் சொன்னதில்லை. தேர்தல் கமிஷனில் ஒருவர் போதுமா, மூவர் வேண்டுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1993-ல் சர்க்கார் மூவராக்கியது. 1995-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. உண்மையான விவாதம் அங்கே இருந்தது. ஆனால் மேடையில் ஓடியது சேஷனின் கோபத்தைப் பற்றிய கதைகளே.

"இப்படியெல்லாம் எடை போட்டுப் பேசினால் கட்சி ஜெயிக்குமா?" என்று ஒரு மேடைப் பேச்சாளர் என்னைக் கேட்டதுண்டு. ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தவரை அவருக்கு அந்தக் கவலையே வேண்டாம். அதில் வோட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். அவர்கள் கூட்டத்தில் கைதட்டிவிட்டுப் போகிறவர்கள் அல்ல. ரகசிய வாக்கு, கொறடா உத்தரவு அங்கே செல்லாது. மேடையில் கூவுவதால் ஒரு வோட்டுக்கூட இடம் மாறப் போவதில்லை. தோற்க ஒன்றுமில்லாத அந்த ஒரு தேர்தலிலாவது உண்மையைச் சொல்லிப் பழகலாமே என்பது என் யோசனை. அங்கே பழகிய நாக்கு சட்டசபைத் தேர்தலிலும் கொஞ்சம் தயங்கும்.

மாமனும் மாப்பிள்ளையும் அவரவர் கட்சியில் இருக்கட்டும். யாரும் கட்சி மாற வேண்டாம். அடுத்த தடவை ஜனாதிபதி அபேட்சகர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் செய்த ஒரு காரியத்தை வருஷத்தோடு சொல்லிவிட்டுப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் புகழட்டும், திட்டட்டும். அந்தக் காரியத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது பத்திரிகைக்காரர்களின் வேலை, எழுதுகிறவர்களின் வேலை. அதை நாம் செய்யாமல் இருந்துகொண்டு டீக்கடையைக் குறை சொல்வது நியாயம் இல்லை.