ஒரு சட்டை, இரண்டு தகப்பன்கள்

யோசேப்பின் கதையும் யூசுஃபின் கதையும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம் என்றால் உடனே அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் எது சரி, யார் யாரிடமிருந்து எடுத்தது? இந்தக் கேள்விக்குள் போனவர்கள் பெரும்பாலும் கதைக்குத் திரும்பி வருவதில்லை. நம் ஊர் அடுக்குமாடியில் ஒரு வீட்டில் பைபிளும் எதிர்வீட்டில் குர்ஆனும் வாசிக்கப்படுகின்றன. இரண்டு வீட்டிலும் அதே பையன் கிணற்றில் தள்ளப்படுகிறான். ஒரு வீட்டுக் கதை எதிர்வீட்டில் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதுதான் நமக்குத் தெரியாது. இலக்கிய வாசகர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பைபிளில் இந்தக் கதை ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் தொடங்கி 50ஆம் அதிகாரத்தில் முடிகிறது. குர்ஆனில் இது 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள். குர்ஆனில் மூஸா, இப்ராஹீம் போன்றவர்களின் கதைகள் பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கும். யூசுஃபின் கதை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் ஓடுகிறது.

இரண்டையும் ஒப்பிட ஒரு துணி போதும். ஆதியாகமத்தில் அண்ணன்கள் தம்பியின் அங்கியை ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் அனுப்புகிறார்கள். ஏதோ மிருகம் தின்றுவிட்டது என்று அவர்கள் சொல்வதுகூட இல்லை. இது உங்கள் மகனுடையதா பாருங்கள் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். மிச்சத்தை யாக்கோபு தானே சொல்லிக்கொள்கிறார். இதே யாக்கோபு இளவயதில் ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, அண்ணனின் உடையை உடுத்தி, பார்வை மங்கிய தன் தகப்பனை ஏமாற்றியவர். இப்போது ஆட்டு இரத்தமும் ஓர் உடையும் அவரையே ஏமாற்றுகின்றன. கதை இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. வாசிப்பவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குர்ஆனிலும் சட்டையில் பொய் இரத்தம் இருக்கிறது. ஆனால் யாகூப் ஏமாறுவதில்லை. நீங்கள் ஏதோ ஜோடித்துச் சொல்கிறீர்கள், எனக்கு இனி அழகிய பொறுமைதான் என்கிறார். அவ்வளவு சீக்கிரத்தில் உண்மை தகப்பனுக்குப் பிடிபட்டுவிடுகிறது. யூசுஃபிடமும் கிணற்றிலேயே, ஒருநாள் இதை அவர்களுக்கு நீ எடுத்துச் சொல்வாய் என்று இறைவன் அறிவித்துவிடுகிறான்.

இங்கேதான் பலர் குர்ஆன் கதையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் நாடகம் எங்கே, எல்லாம் நீதிபோதனையாகப் போய்விட்டதே என்று. அவர்கள் 84ஆம் வசனத்தைத் தாண்டி ஓடிவிட்டவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே யாகூபின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போகின்றன. உங்களுக்குத் தெரியாதது எனக்கு இறைவனிடமிருந்து தெரியும் என்று சொல்பவர், யூசுஃபைத் தேடிப் போங்கள் என்று மகன்களை அனுப்புபவர், அவரே அழுது பார்வையை இழக்கிறார். ஆதியாகமத்தின் யாக்கோபு மகன் செத்துவிட்டான் என்று நம்பி அழுகிறார். அது நமக்குப் பழகிய துயரம். மகன் திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டே ஒருவர் கண் போகுமளவுக்கு அழுவது வேறு வகை. நம்பிக்கை துயரத்தைத் துடைத்துவிடும் என்று எந்த இடத்திலும் இந்தக் கதை சொல்லவில்லை. இதைத் தட்டையான நீதிக்கதை என்பது எப்படிச் சரியாகும்?

துணி இத்தோடு நிற்பதில்லை. எகிப்தில் எஜமானின் மனைவி அவனைப் பிடித்து இழுக்கிறாள். ஆதியாகமத்தில் அவன் மேலாடை அவள் கையில் சிக்கி, அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. அவள் அதே பொய்யை இரண்டு முறை சொல்கிறாள். வேலைக்காரர்களிடம் அவன் ஒரு எபிரெய 'மனுஷன்'. கணவனிடம் எபிரெய 'வேலைக்காரன்'. ஆளுக்குத் தகுந்தபடி ஒரு சொல் மாறுகிறது. அதற்குப் பிறகு அவள் கதையிலிருந்தே காணாமல் போகிறாள்.

குர்ஆனில் சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது, அது அவன் பக்கம் பேசுகிறது. கணவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. சான்றுகளைப் பார்த்த பிறகும் அவனை உள்ளே தள்ளுகிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பல வருடம் கழித்து மன்னன் கூப்பிடும்போது, முதலில் அந்தப் பெண்களை விசாரியுங்கள் என்று யூசுஃப் வெளியே வர மறுக்கிறான். அவள் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறாள். ஆதியாகமத்து யோசேப்பு சவரம் செய்து, உடை மாற்றி, நேராக அரண்மனைக்குப் போய்விடுகிறான். அவன் பெயர் துடைக்கப்படவே இல்லை. கடைசியில் யூசுஃபின் சட்டையை முகத்தில் போட்டதும் யாகூபுக்குப் பார்வை திரும்புகிறது. பொய் சொன்ன துணி, உண்மை சொன்ன துணி, குணப்படுத்திய துணி: மூன்று சட்டைகளில் ஒரு கதையே கட்டப்பட்டிருக்கிறது.

நடையும் வேறு. குர்ஆன் இடைவெளிகளை அப்படியே விட்டுவிடும். அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று மூத்தவன் எகிப்தில் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்; அடுத்த வசனத்தில் கன்ஆனில் அப்பா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பயணம் இல்லை, வீடு வந்து சேர்ந்தது இல்லை. சினிமாவில் வெட்டுவது போல. எரிக் அவுர்பாக் 1946இல் வெளிவந்த 'மிமெசிஸ்' நூலில், ஹோமரோடு ஒப்பிட்டு ஆதியாகமத்தின் சிக்கனத்தைப் பேசினார். குர்ஆனின் பக்கத்தில் வைத்தால் அதே ஆதியாகமம் தாராளமாகச் செலவு செய்வதாகத் தெரிகிறது. வயது, விலை, பெயர் எல்லாம் உண்டு. யோசேப்பு விற்கப்படும்போது வயது 17, விலை 20 வெள்ளிக்காசு. குர்ஆனுக்கு அற்ப விலை, சில திர்ஹம்கள் என்பதே போதும்.

இந்தச் சிக்கனத்துக்கு குர்ஆன் ஒரு விலையும் கொடுக்கிறது. ஆதியாகமத்தில் தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. அவனே 44ஆம் அதிகாரத்தில், பென்யமீனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நீண்ட நேரம் மன்றாடுகிறான். அதைக் கேட்டுத்தான் யோசேப்பு உடைந்து, பக்கத்து அறைகளுக்குக் கேட்கும்படி அழுகிறான். ஓர் அண்ணன் மாறிவிட்டான் என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். குர்ஆனில் அண்ணன்களுக்குப் பெயர் இல்லை, இந்தப் பேச்சும் இல்லை. அவர்கள் தவறை ஒப்புக்கொள்கிறார்கள். இன்று உங்கள் மேல் எந்தப் பழியும் இல்லை என்று யூசுஃப் சொல்லிவிடுகிறான். மன்னிப்பு முழுதாக, ஒரே மூச்சில் நடந்து முடிகிறது.

ஆதியாகமத்தில் அது முடிவதே இல்லை. எகிப்தில் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த பிறகு அப்பா இறக்கிறார். உடனே அண்ணன்களுக்குப் பயம் வந்துவிடுகிறது, இனி இவன் பழிவாங்குவானோ என்று. சாகும் முன் அப்பா இப்படிச் சொன்னார் என்று ஒரு செய்தி அனுப்புகிறார்கள். அப்பா அப்படிச் சொன்ன காட்சி கதையில் எங்கும் இல்லை. யோசேப்பு மறுபடி அழுகிறான். மன்னிக்கப்பட்டவர்களால் அதை நம்ப முடியவில்லை.

நம்பிக்கொண்டே அழும் தகப்பனை ஒரு நூல் தருகிறது, மன்னிப்பை நம்ப முடியாத அண்ணன்களை இன்னொன்று தருகிறது. ஒன்றைப் படித்தவர் மற்றதில் இருப்பதை ஊகித்துவிட முடியாது. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். யார் சரி என்ற கேள்வி அதற்குப் பிறகும் உங்களுக்கு முக்கியமாகப் பட்டால், அப்போது விவாதிக்கலாம்.