விஷ்ணுபுரம்: குழப்பம் எங்கே இருக்கிறது?

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ வந்தது 1997இல். இன்றும் இலக்கியம் பேசும் கூட்டத்தில் அதைப் படிக்காதவன் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு “ஒண்ணும் வெளங்கல” என்று சொன்னால் இன்னும் தள்ளி. “அதுக்கு ஒரு பயிற்சி வேணும் தம்பி” என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

நாவல் காலத்தைக் கலைத்துப் போட்டிருக்கிறது என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பாகம். முதல் பாகத்தில் பழங்கதையாகக் காதில் விழுகிறவர்கள் இரண்டாம் பாகத்தில் ரத்தமும் சதையுமாக வருகிறார்கள். மூன்றில் பிரளயம், ஊரே முடிகிறது. மனிதன் எப்படிப் புராணமாக ஆகிறான் என்று காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. யோசனை பிரமாதம்.

எங்க ஊர் தோவாளை. நாகர்கோவில் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். ஒரே பார்வையில் பார்க்க முடியாது, மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்கணும். நாவலின் மூன்று பாகப் பெயர்களும் பாதம், மார்பு, முடி என்றுதானே போகின்றன? அந்தக் கோயிலைப் பார்த்த எவருக்கும் இது உடனே பிடிபடும். ஆனால் அங்கே மூன்று வாசலிலும் நின்றபின் உடம்பு முழுசாக மனதில் கூடிவிடுகிறது. எண்ணூறு பக்கத்துக்கு மேல் படித்தும் நாவலில் எனக்கு அது கூடவில்லை.

ஏன்? எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். காவியத்தை அரங்கேற்ற வந்த சங்கர்ஷணன் கசந்து பேசும்போதும், பிங்கலன் குருகுலத்தின்மேல் சலித்துப் பேசும்போதும் பெயரை மறைத்துவிட்டால் யார் என்று சொல்ல முடியவில்லை. இரண்டாம் பாகத்தின் ஞானசபை விவாதம் இன்னும் மோசம். வைதிக மரபின் பவதத்தர் ஒரு பக்கம், பௌத்தனான அஜிதன் மறுபக்கம். தரிசனங்கள் வேறுவேறு, சரி. வாக்கியம் ஒன்றுதான்: நீளமாகப் போய், ஒரு உவமையில் ஏறி, கேள்வியில் நிற்கும். அஜிதன் ஜெயிக்கிறான் என்பது புரிகிறது. ஜெயித்தது எந்த மனிதன் என்பதுதான் தெரியவில்லை.

எங்க ஊர் மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் பச்சை இலையும் வரிசை வரிசையாக மடிந்திருக்கும். ஒன்றின் நிறம் மற்றதில் கலக்காததால்தான் தூரத்திலிருந்து கல் பதித்த மாதிரி இருக்கும். மொத்தமும் ஒரே நிறம் என்றால் அது வெறும் பட்டை. இதைச் சொல்ல எனக்குத் தத்துவப் பயிற்சி தேவைப்படவில்லை, எங்க வீட்டுத் திண்ணை போதும்.

மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ படிக்கும்போதும் குழம்பினேன். ஒரு அப்பாவுக்கு 17 பிள்ளைகள், 17 பேருக்கும் அவ்ரேலியானோ என்றே பெயர்! இருந்தும் ஆட்கள் மறக்கவில்லை. ஒருத்தன் தங்கமீன் செய்கிறான், ஒருத்தி மண்ணைத் தின்கிறாள். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு கிறுக்கு. விஷ்ணுபுரத்தில் ஆளுக்கொரு தரிசனம் இருக்கிறது, கிறுக்கு இல்லை.

இது எழுத வராததால் வந்த குறை இல்லை என்பதுதான் வருத்தம். ‘ரப்பர்’, ‘காடு’ இரண்டும் இதே ஆள் எழுதியதுதான். அங்கே எங்க மாவட்டத்து ஆட்கள் வாயைத் திறந்தாலே சாதி, ஊர், வயசு எல்லாம் தெரிந்துவிடும். மிகைபுனைவு என்று வந்ததும் அந்தக் காதை ஏன் கழற்றி வைக்கணும்? கற்பனை நகரத்துக்கும் தெருப்பேச்சு உண்டுதானே. ‘பெருங்காவியம்’ என்ற நினைப்பு எழுதுகிறவர் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று விடாமல் சொல்லணும். கருவறையில் படுத்திருப்பது விஷ்ணுவே இல்லை, தங்கள் மூப்பன் என்று மலைக்குடிகள் நம்புகிற இழை அபாரம். அது வரும் இடங்களில் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணிமுடியும் அப்படித்தான். சபை இல்லை, வாதம் இல்லை. பசி, மழை, சிவந்து ஏறிவரும் சோனா ஆறு. பேச்சு குறைந்ததும் ஆட்கள் தெரிய ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பாகத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். கௌஸ்துபத்தையும் திரும்பப் படி, திறக்கும் என்கிறார்கள் நண்பர்கள். இப்போதைக்கு எண்ணமில்லை.