கவிதை மறைத்த ஈகை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்தது. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் தலைநகராகிய வாஷிங்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். காப்புரிமை அலுவலகக் கட்டடமும் மருத்துவமனையாயிற்று. பாரதியார் போற்றிய கவிஞர் வால்ட் விட்மன், காயமுற்ற தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் வர்ஜீனியாவுக்குச் சென்றார். தம்பிக்குக் கேடில்லை எனக் கண்டபின் வாஷிங்டனில் தங்கினார். படியெடுக்கும் வேலை வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் மருத்துவமனைகளுக்கு.

இப்பணியிலிருந்து இருவகை எழுத்துகள் பிறந்தன. ஒன்று, காயங்களுக்குக் கட்டுப்போடுபவனைப் பற்றி 1865இல் வெளியான கவிதை. மற்றொன்று, 1875இல் நூலாகிப் பின் 1882இல் 'ஸ்பெசிமன் டேஸ்' நூலிலும் இடம்பெற்ற உரைநடைக் குறிப்புகள். புகழ்பெற்றது கவிதையே. ஆயினும் ஈகையின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு உரைநடையே நல்லாசான்.

கவிதையில் பேசுபவன் முதியவன். நீரும் கட்டுத்துணியும் ஏந்திப் படுக்கைதோறும் செல்கிறான். விட்மனோ அப்போது நாற்பதைக் கடந்த நடுவயதினர். கட்டுப்போடுவது அவருடைய முதன்மைப் பணியும் அன்று. அவர் கொண்டு சென்றவை பழம், புகையிலை, கடிதத்தாள், ஐந்து காசு, பத்துக் காசுப் புதுத் தாள்கள். எழுத இயலாதவர்க்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். ஜூன் மாத வெயிலில் ஒருநாள் கார்வர் மருத்துவமனையினர்க்கெல்லாம் ஐஸ்கிரீம் வழங்கினார். பாஸ்டன், புரூக்ளின் முதலிய ஊர்களின் நண்பர்கள் பொருளுதவினர். இரு தரப்பு வீரரும் அவர் அன்புக்கு உரியவராயினர்.

கவிதையில் இச்சிறு பொருள்களுக்கு இடமில்லை. அதன் பெருமித நடைக்கு இவை ஒவ்வா எனக் கருதினார் போலும்! இழப்பு இங்கேதான் நேர்கிறது. கவிதையில் நோயாளி தலையாகவும் கழுத்தாகவும் முழங்காலாகவும் நிற்கிறான். காயமே அவன் அடையாளம். உரைநடையிலோ அவனுக்குப் பசியுண்டு, ஊருண்டு, கடிதத்துக்குக் காத்திருக்கும் தாயுண்டு. பழம் கொடுப்பவன் காயத்தை நோக்கவில்லை, மனிதனை நோக்குகிறான்.

உரைநடையும் குறையற்றதன்று. அறுநூறுக்கு மேற்பட்ட முறை சென்று, 80,000 முதல் 1,00,000 பேர்வரை கண்டதாக விட்மன் மதிப்பிடுகிறார். வகுத்துப் பார்த்தால் ஒரு முறைக்கு நூற்றுமுப்பதின்மருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் கடிதம் எழுதுதல் யார்க்கும் இயலாது. பெருந்தொகை இங்கே பெருமையை நாடுகிறது. ஈகையோ தொகையில் இல்லை.

ஆகவே மாணவர்க்குக் கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியர், உரைநடையில் சில பக்கங்களையும் உடன்வைத்துக் கற்பித்தல் நலம். துயரின் பேருருவைக் கவிதை காட்டும். அத்துயரின்முன் ஒருவன் செய்யக்கூடிய சிறு செயலை உரைநடை காட்டும். போர்க்கால நகரில் வாழ நேர்ந்த எளியோர்க்குப் பின்னதே பெரிதும் பயன்படும்.